ஏழாவது கட்டம்

மஞ்சள் தாள். மேலே கம்பெனி பெயர், கீழே வரிசையாகக் கட்டங்கள். முதல் கட்டத்தில் பெயர், இரண்டாவதில் பிறந்த தேதி, அப்புறம் ஊர், படிப்பு, மார்க்கு, உயரம். ஏழாவது கட்டத்தில் 'தந்தையின் தொழில்'. அந்த ஏழாவது கட்டத்தைச் சுற்றி மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருக்கும். தாளின் அடியில், அதே சிவப்பு மையில், ஒரே ஒரு சொல். ஒன்று 'தலை', இல்லாவிட்டால் 'கை'. எங்கள் பயிற்சி அதிகாரி ஒரு ஆளை எடைபோட்டு முடிக்க அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். மற்றக் கட்டங்களை அவர் படித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மண்ணூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில் வயலையெல்லாம் கம்பி வேலி போட்டு வளைத்துக்கொண்டிருந்த காலம். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துத் தரும் தொழிற்சாலை ஒன்றில் நான் பயிற்சி ஆளாகச் சேர்ந்தேன். பிளஸ் டூ முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் எட்டாவது தாண்டியதில்லை. சேரும் நாளில் இரண்டு பரீட்சை. ஒன்று பத்துக் கணக்கு உள்ள தாள். இன்னொன்று துளைப் பலகை. ஐம்பது துளை, ஐம்பது சின்ன இரும்பு ஊசி. ஒரு மேற்பார்வையாளர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிற்பார், நாம் ஊசிகளை ஒவ்வொன்றாகத் துளையில் நட வேண்டும். எனக்கு எழுபத்தொரு வினாடி ஆனது. கணக்கில் பத்துக்கு எட்டு.

பயிற்சி அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தபோது அவர் இந்த இரண்டையும் பார்க்கவில்லை. ஏழாவது கட்டத்தில் நான் 'நெல் மில்' என்று எழுதியிருந்ததில் பேனாவை வைத்தார்.

"மில்லுல என்ன? மிஷின் ஓட்டறாரா?"

"இல்ல சார். நெல்லு அவிச்சி, களத்துல காயப் போட்டு அள்ளுவாரு."

"தாத்தா?"

"அவரும் அதான் சார்."

ரொம்ப நாளாகத் தேடிய சாமான் கிடைத்ததுபோலத் தலையை ஆட்டினார். 'கை' என்று எழுதினார். பேனாவை மூடினார். என் எட்டு மார்க்கு அந்தத் தாளிலேயே ஒரு மூலையில் கிடந்தது, யாரும் கூப்பிடாத விருந்தாளி மாதிரி.

கை என்றால் ஒயர் கட்டும் வரிசை. நின்றுகொண்டே எட்டு மணி நேரம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள், அவர்களுக்கு இஷ்டமிருந்தால் இன்னொரு வருஷம். தலை என்றால் தர ஆய்வுப் பிரிவு. நீல நிறக் கோட்டு, வரைபடம் படிக்கப் பயிற்சி, ஒரு வருஷம் கழித்து வேலை நிரந்தரம். ஒரு சொல்லில் ஒருத்தியின் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. பிரித்த மனிதர், பிரித்து முடித்ததும் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்தார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரத்தம் சார்'. மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை ரத்தம் என்பார். "எல்லாம் ரத்தத்துல வரும்மா. மேல பூசறது நிக்காது." அவர் மேஜைமேல் பிரவுன் அட்டை போட்ட பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் எழுதியது, பெரிய மனிதர்கள் வீட்டில்தான் பெரிய மனிதர்கள் பிறக்கிறார்கள் என்று கணக்கெடுத்து நிரூபித்திருக்கிறான் என்று பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்வார். ஜட்ஜ் மகன் ஜட்ஜ் ஆகிறானாம். ஆகத்தான் செய்வான். அந்த வீட்டுக்கு எத்தனை வாத்தியார் வந்துபோனார்கள், எத்தனை சிபாரிசுக் கடிதம் போனது என்று அவன் கணக்கெடுத்தானா? எங்கள் நாய்னாவுக்கு அந்த வீட்டில் பிறக்கும் பாக்கியம் கிடைத்திருந்தால், நெல் அவிக்காமல் அவரும் கோட்டு போட்டுக்கொண்டு நாலு பேருக்குத் தண்டனை கொடுத்திருப்பார். இந்த யோசனைக்குப் புத்தகம்கூட வேண்டாம். ஆனால் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இதில் எனக்கு அதிக எரிச்சல் எதில் என்றால், அந்தச் சரக்கு எங்களுக்குப் புதுசே இல்லை. நீ இன்ன வீட்டில் பிறந்தாய், இன்ன வேலைதான் செய்வாய் என்று எங்கள் ஊரில் எழுத்தறியாதவன்கூடச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அதைத் தமிழில் சொல்ல இந்த அதிகாரிக்குக் கூச்சமாக இருந்தது. இங்கிலீஷில் அட்டை போட்டுக் கொடுத்ததும் கூச்சம் போய்விட்டது. விஞ்ஞானம் ஆகிவிட்டது.

அவர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மரம் தொங்கும். அவர் குடும்பத்து மரம். கொள்ளுத்தாத்தா தாசில்தார், தாத்தா தலைமையாசிரியர், அப்பா பொறியாளர், அப்புறம் இவர். இவருக்குக் கீழே அவர் மகனுக்கு ஒரு கிளை. அந்த மரத்தில் சும்மா இருந்தவர்கள், படிப்பு ஏறாதவர்கள் யாருமே கிடையாது. நான்கு தலைமுறையில் ஒரு சோம்பேறிகூட இல்லாத குடும்பத்தை நான் அங்கேதான் பார்த்தேன். துடைக்கப் போகும் ஆயா ஒருநாள் சொன்னது: "காஞ்சதெல்லாம் வெட்டிட்டு மாட்டிகினு கீறாரு."

என் கூடவே அதே நாளில் சேர்ந்தவள் ஒருத்தி, சாத்தூர்க்காரி. ஒல்லி, குட்டை, சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். சுங்குவார்சத்திரத்தில் டீக்கடைக்குப் பின்னால் ஒரு அறையில் ஆறு பேரோடு தங்கியிருந்தாள். துளைப் பலகையை அவள் ஐம்பத்தெட்டு வினாடியில் முடித்தாள். அன்றைக்குச் சேர்ந்தவர்களில் அதுதான் குறைந்த நேரம். கணக்கில் ஒன்பது. ஆனால் அவளுக்குத் 'தலை' கிடைத்ததற்கு இரண்டும் காரணமில்லை. ஏழாவது கட்டத்தில் அவள் 'ஆபீஸ் வேலை' என்று எழுதியிருந்தாள்.

முதல் வாரத்திலேயே விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. காலை ஷிப்ட் முடிந்து, என் ஊர்ப் பேருந்து வரும்வரை அவள் அறையில் உட்கார்ந்திருப்பேன். உன் அப்பா எந்த ஆபீஸில் கிளார்க்கு என்று கேட்டேன்.

"கிளார்க்கா? எங்கய்யா தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து முக்குதாரு."

"அது ஃபாக்டரி இல்ல?"

"எங்க ஊர்ல அதுக்குப் பேரு ஆபீஸ்தான் இவளே. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். நான் பொய்யா எழுதினேன்?"

"அந்தாளு உங்கப்பாவ மேஜைல உக்காந்து பேனா புடிக்கிறவர்னு நெனச்சிகினு கீறாரு!"

அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வெளிய சொல்லிராத" என்றாள். "நான் பெர்மனென்ட் ஆயிட்டேன்னு வையி, எந் தங்கச்சி கட்டை அடுக்கப் போவேண்டாம். ஒம்பதாப்பு படிக்கா. நல்லாப் படிக்கா." கட்டை அடுக்குவது என்றால், மருந்தில் முக்குவதற்காகத் தீக்குச்சிகளைச் சட்டத்தின் காடிப் பள்ளங்களில் ஒவ்வொன்றாக அடுக்குவது. இவளும் ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் போய் அடுக்கியிருக்கிறாள். துளைப் பலகையில் அவள் விரல் ஏன் அப்படிப் பறந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது ரத்தத்தில் வந்த விரல் இல்லை. ஏழு வருஷம் குச்சி அடுக்கிய விரல்.

நீலக் கோட்டில் அவள் நன்றாகவே பிழைத்தாள். வரைபடத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துப்போனது. எந்த ஒயர் எந்த முனைக்குப் போகிறது, எந்த நிறம், எத்தனை நீளம் என்று அறைக்கு வந்தும் அதையே பேசுவாள். எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டுவாள். எண்ணெய் படிந்த இடத்தில் பேனா எழுதாது, அந்த இடத்தைத் தாண்டிப் போவாள். மூன்று மாதத்தில் எனக்கும் வரைபடம் படிக்க வந்துவிட்டது. 'கை' என்று எழுதப்பட்ட எனக்கு. அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னாலும் என்ன ஆகும்?

எட்டாவது மாதம் ஒரு காரியம் செய்தாள். கார் கம்பெனியிலிருந்து வந்த புது வரைபடத்தில் இரண்டு ஒயர்களின் நிறம் மாறி அச்சாகியிருந்தது. வந்த தாளே தப்பு. எங்கள் பொறியாளர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வரிசைக்கு அனுப்பியிருந்தார்கள். இவள் முதல் ஒயர்க் கட்டைக் கையில் எடுத்ததுமே, விளக்குக்குப் போக வேண்டிய ஒயர் ஹாரனுக்குப் போகிறது என்று சொல்லி வரிசையை நிறுத்திவிட்டாள். நிறுத்தாமல் இருந்திருந்தால் அன்றைக்குச் செய்தது மொத்தமும் திரும்பி வந்திருக்கும்.

மறுநாள் கேன்டீனில் எல்லோரையும் கூட்டினார்கள். அவளுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா பரிசு கொடுத்தார்கள். அப்புறம் பயிற்சி அதிகாரி மைக்கைப் பிடித்தார். அவர் பேசியது எனக்கு இன்றைக்கும் வரி தவறாமல் நினைவிருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்ளும் தகுதி அதற்கு இல்லை என்றாலும்.

"இந்தக் கண்ணு பயிற்சியில வராது. இவங்க அப்பா ஆபீஸ்ல வேலை பார்க்கிறவர். பேனா பிடிச்ச குடும்பம். அதான் தப்பு கண்ணுல பட்டுது. மத்தவங்க வருத்தப்பட வேண்டாம். கைக்கும் மரியாதை உண்டு. அவங்கவங்க ரத்தத்துக்கு என்ன உண்டோ அதைச் செஞ்சா போதும்."

நான் முந்தின நாள் கூடுதல் நேரம் வேலை பார்த்திருந்தேன். ஒயர்க் கட்டுக்கு டேப் ஒட்டி ஒட்டிக் கட்டைவிரலில் தோல் உரிந்திருந்தது. எட்டு மாதமாக அடக்கி வைத்தது அப்படியே வெளியே வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"சார், அவங்க அப்பா ஆபீசரும் இல்ல, கிளார்க்கும் இல்ல. தீக்குச்சிய மருந்துல முக்குறவரு. அந்த ஊர்ல ஃபாக்டரியத்தான் ஆபீஸ்னு சொல்லுவாங்கோ. எங்க நாய்னா மாதிரி கூலிதான் சார். உங்க ரத்தம் இப்போ இன்னா சொல்லுது?"

கேன்டீன் அதிர்ந்தது. மேஜையைத் தட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். ரத்தம் சாரின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்வரை நான்தான் அங்கே ராணி. அதற்கப்புறம்தான் அவளைப் பார்த்தேன். எவர்சில்வர் டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை.

ஒரு மனிதனின் நம்பிக்கை பொய் என்று கண்ணெதிரே காட்டினால் அவன் அதை விட்டுவிடுவான் என்று நான் நினைத்தேன். பத்தொன்பது வயது முட்டாள்தனம். விடவே மாட்டான். அந்த நம்பிக்கையில்தானே அவன் நாற்காலி நிற்கிறது. மறுவாரமே அவளுடைய பதிவேடுகளை எடுத்துவரச் சொன்னார். எட்டு மாதமாகக் கண்ணில் படாத தப்பெல்லாம் படத் தொடங்கின. அவள் எழுதும் ஏழு ஒன்று மாதிரி இருக்கிறதாம். இங்கிலீஷில் எழுத்துப் பிழையாம். சந்தேகம் வந்தால் உடனே வரிசையை நிறுத்துகிறாளாம், அது பதற்றத்தின் அடையாளமாம். போன வாரம் அதே நிறுத்தலுக்குத்தான் டப்பா கொடுத்தார்கள்.

அப்புறம் அவளை மறுபடி துளைப் பலகையில் உட்காரவைத்தார். வரிசையில் எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, கண்ணாடி அறைக்குள். இந்த முறை அவரே கடிகாரத்தைப் பிடித்தார். அவள் ஐம்பத்து மூன்று வினாடியில் முடித்தாள். முன்னைவிட ஐந்து குறைவு. கதவு திறந்திருந்தது, அவர் பக்கத்திலிருந்த மேற்பார்வையாளரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"பாருங்க, நான் சொல்லலை? கை. சுத்தமான கை. இது தலைக்காரங்களுக்கு வராத வேகம்."

அவள் மெதுவாகச் செய்திருந்தால் மூளை மந்தம் என்றிருப்பார். வேகமாகச் செய்தாள், கூலி விரல் என்றார். அவளால் அந்த மனிதரிடம் எந்தப் பரீட்சையிலும் தேற முடியாது, ஏனென்றால் பரீட்சை எழுதியது அவள் இல்லை, அவள் அப்பா. அந்த ஆள் முட்டாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முட்டாளாக இருந்திருந்தால் எங்காவது மாட்டியிருப்பார். மாட்டவே முடியாதபடி ஒரு கதையைக் கையில் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை அவள் நீலக் கோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வரிசைக்கு வந்தாள். எனக்குப் பக்கத்து இடம். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தாளை எப்படி அசிங்கப்படுத்தினோம் பார்த்தியா என்று ஏதோ உளறினேன். அவள் டேப் சுற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"நீ செயிச்சிட்ட இவளே. எந் தங்கச்சிதான் தோத்துட்டா."

மூன்று மாதம் கழித்து ஒப்பந்தம் முடிந்தது. அவளுக்குப் புதுப்பிக்கவில்லை. வாயைத் திறந்த எனக்குப் புதுப்பித்தார்கள். ஒருவேளை என்னைப் பற்றி அவர் எழுதியது தப்பாகவில்லை என்பதால் இருக்கலாம். அவளை வழியனுப்ப சுங்குவார்சத்திரம் நிறுத்தத்துக்குப் போனேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அந்த எவர்சில்வர் டப்பாவில் வழிக்குப் புளிச்சோறு கட்டியிருந்தாள்.

ரத்தம் சாரின் மகன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருஷக் கணக்கைத் தாண்ட முடியாமல் கிடந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டோம். அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: "அம்மா வழி." நாலு தலைமுறை மரத்தில் ஒரு பெண்ணின் பெயர்கூடக் கிடையாது. பழி போட மட்டும் ஒரு பெண் வந்துவிட்டாள். சில வருஷத்தில் ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிக்கு ஆலோசகராகப் போனார், அங்கேயும் மஞ்சள் தாளோடுதான் போயிருப்பார். இருக்கிறாரா இல்லையா தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

ஆனால் அவர் எழுதிய சொல் என்னைவிட்டுப் போகவில்லை, அதைச் சொல்லாமல் அவரை மட்டும் திட்டினால் அது யோக்கியமில்லை. அவர் போன பிறகு ஆய்வுப் பிரிவுக்கு வரிசையிலிருந்தே ஆள் எடுக்கப் பரீட்சை வைத்தார்கள். இரண்டு முறை நான் எழுதவே போகவில்லை. வரைபடம் தெரியும், கணக்கு தெரியும். நமக்கெல்லாம் அது வராது என்று ஒரு குரல், என் குரலிலேயே, உள்ளே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை எழுதினேன், தேறினேன். நடுவில் போன வருஷங்களை யார் தருவார்கள்? அதைவிட மோசம் ஒன்று உண்டு. என் மகள் ஏழாம் வகுப்பில் கணக்கில் தவறிவிட்டு வந்து நின்றபோது, யோசிக்காமலே சொன்னேன்: "உனக்கு என் மூளைதான் வந்திருக்கு, வுடு." அவள் முகம் நிம்மதியானது. இனி முயற்சி செய்ய வேண்டியதில்லை என்ற நிம்மதி அது. ரத்தம் சார் என் வீட்டுச் சமையலறையில், என் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு பேசியிருந்தார். அன்று சாயங்காலமே அவளை உட்காரவைத்து அந்தக் கணக்குத் தாளை முதலிலிருந்து போட்டோம்.

போன மாதம் எங்கள் பழைய கட்டடத்தைக் காலி செய்தார்கள். பதிவறைக் காகிதங்களைப் பிரித்துப் பழைய பேப்பருக்குப் போடும் வேலை என் பொறுப்பில் வந்தது. மஞ்சள் தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன, எலி கடித்தது போக. என்னுடையதைத் தேடவில்லை. அவளுடையதைத் தேடினேன். இரண்டு நாள் ஆனது. ஏழாவது கட்டத்தில் அவள் உருண்டைக் கையெழுத்தில் 'ஆபீஸ் வேலை'. அதன்மேல் சிவப்பில் ஒரு கோடு, பக்கத்தில் 'கூலி'. அடியில் 'தலை' அடிக்கப்பட்டு 'கை'. ஓரத்தில், யாரும் தொடாமல், ஐம்பத்தெட்டு வினாடி.

சாத்தூருக்குப் போன் செய்தேன். அவள் தன் கல்யாணப் பத்திரிகையை எனக்கு அனுப்பிய நாளிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது பேசுகிறோம். ஊரில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் தங்கை இரண்டு வருஷம் கட்டை அடுக்கிவிட்டுத்தான் மறுபடி பள்ளிக்கூடம் போனாள், அதை அவள் ஒருமுறைதான் சொன்னாள், நானும் ஒருமுறைதான் கேட்டேன். தாளில் இருப்பதை எல்லாம் படித்துக் காட்டினேன். தலையையும் கையையும் விட்டுவிட்டு அவள் நேரத்தைக் கேட்டாள்.

"ரெண்டாவது தடவை எடுத்த நேரம் எழுதலியா?"

"இல்ல."

"அது அம்பத்து மூணுல்லா."

"ஆமாடி. எனக்குந்தான் தெரியுமே."

"எழுது அப்பம். நீ எழுது."

தாளை மேஜையில் நீவி வைத்தேன். என் சட்டைப்பையில் இருந்தது நீலப் பேனா. ஐம்பத்தெட்டுக்குக் கீழே ஐம்பத்து மூன்று என்று எழுதினேன். போனில் அவள், எழுதிட்டியா, எழுதிட்டியா என்று இரண்டு முறை கேட்டாள். எழுதியாச்சு என்றேன். ஏழாவது கட்டத்தில் நான் கை வைக்கவில்லை. அவர் இழுத்த கோடு இத்தனை வருஷத்தில் வெளிறிப்போயிருந்தது. அதற்கு அடியில் 'ஆபீஸ் வேலை' பளிச்சென்று படிக்க முடிந்தது.